ராஜ்மாவுக்குக் குரைத்த சிப்பாய்

எங்கள் கீழ்வீட்டு அழகர்சாமிக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் இன்னும் அரை மணி நேரம் படிக்கட்டில் நிற்க வேண்டி வரும். மாடி ஏறும்போது முட்டியை எப்படி மடக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்த மனிதர் அவர். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, கையில் காய்கறிப் பையோடு வருகிறவளிடம் பேசுகிற பேச்சா அது?

மேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு டிரில் சொல்லித்தரும் உஸ்தாத் வேலைதான் கடைசி வரைக்கும். பென்ஷனோடு வெளியே வந்து, டெல்லியில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் காவலாளிகளை மேற்பார்வை பார்க்கும் வேலையில் சேர்ந்தார். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் தரைத்தளத்து வீடு. அவர் நடந்து நான் பார்த்ததில்லை, அணிவகுத்துத்தான் போவார். பால் பூத்துக்கு டோக்கனோடு போனாலும் அப்படித்தான். கழுத்தில் எப்போதும் ஒரு பித்தளை விசில் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவி மீனாக்ஷியிடம் ஒருமுறை கேட்டேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீனாக்ஷி அவருக்கு நேர் எதிர். அவர் பத்து வார்த்தை பேசி முடித்த பிறகு இவள் ஒரு வார்த்தை பேசுவாள். ஆனால் அந்த வீட்டில் நடப்பது என்னவோ அந்த ஒரு வார்த்தைதான்.

வெங்காய விலையைக் கேட்டே டெல்லி கண்ணீர் விட்ட வருஷம் அது. அந்த ஆடியில்தான் அவர்களுடைய ஒரே பெண் கவிப்ரியா புனேயில் கல்லூரி விடுதிக்குப் போனாள். பெண் போன கையோடு மீனாக்ஷி தன் பெரிய குக்கரைத் துடைத்துப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். "ரெண்டு பேருக்கு எதுக்கு டீச்சர் குக்கரு? ஒரு சட்டியில வடிச்சாப் போதும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையில் கீழேயிருந்து விசில் சத்தம் வராமல் எனக்கு என் வேலையே ஓடவில்லை. அவள் குக்கர் அடித்தால் நான் குளிக்கப் போக வேண்டும் என்பது வருஷக்கணக்கான ஏற்பாடு.

மார்கழிப் பனியில் ஒரு காலை, பால் வாங்கப் போன அழகர்சாமி ஸ்வெட்டர் வயிறு புடைக்கத் திரும்பி வந்தார். வாசலில் நின்று ஸ்வெட்டரைத் தூக்கினார். உள்ளே செம்மண் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் வேர்க்கடலை வண்டிக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்ததாம்.

"ரெக்ரூட்டு" என்றார்.

"பால் எங்கங்க?" என்றாள் மீனாக்ஷி.

பாலை பூத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

குட்டிக்குச் சிப்பாய் என்று பெயர் வைத்தார். நாட்டு நாய்க்கு இவ்வளவு பெரிய உத்தியோகமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எல்லா ஜெனரலும் ஒரு நாள் ரெக்ரூட்டுதான் சார்" என்று பதில் வந்தது. மீனாக்ஷி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கீழேயிருந்து குக்கர் விசில் கேட்டது. எட்டிப் பார்த்தேன். "குட்டிக்குக் குழைஞ்ச சோறுல்ல வேணும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பயிற்சி தொடங்கியது. முதல் பாடம், பழைய பேப்பரை விரித்து அதில்தான் ஒன்றுக்குப் போக வேண்டும் என்பது. தமிழ்ப் பத்திரிகையை விரிக்க அவருக்கு மனம் வரவில்லை. சரஸ்வதி அல்லவா? ஹிந்திப் பேப்பர் அலுவலகத்திலிருந்து வருவது, சர்க்கார் சொத்து. ஆகவே இங்கிலீஷ் பேப்பர். சிப்பாய் ஒரே வாரத்தில் பாடத்தைப் படித்துக்கொண்டது. எங்கே இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்தாலும் ஒன்றுக்குப் போனது. எங்கள் பிளாக்கில் காலை வேளையில் வாசல்தோறும் இங்கிலீஷ் பேப்பர் கிடக்கும் என்பதை உஸ்தாத் யோசிக்கவில்லை. சரியாக அழகர்சாமிக்கு எதிர்வீட்டு பல்லாவின் பேப்பரில் போய்த்தான் அது தன் படிப்பைக் காட்ட வேண்டுமா?

பல்லா எங்கள் சொசைட்டியின் செக்ரட்டரி. பஞ்சாபி, நல்ல மனிதர், குரல் மட்டும் லாரி ஹாரன். முதல் தடவை ஈரப் பேப்பரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தபோது சிரித்தார். அடுத்த தடவை சிரிக்கவில்லை.

இரண்டாம் பாடம் விசில். பித்தளை விசிலை மூன்று முறை ஊதினால் எங்கிருந்தாலும் ஓடி வந்து முன்னால் உட்கார வேண்டும். தினமும் காலையில் புல்தரையில் இந்தக் கூத்து நடக்கும். அவர் ஊதுவார், குட்டி செருப்பைக் கடிக்கும். அவர் "சாவ்தான்" என்று அட்டென்ஷன் சொல்வார். குட்டி மல்லாந்து வயிற்றைக் காட்டும். ஒரு பிஸ்கட் கொடுத்துப் பழக்குங்களேன் என்று நான்தான் பால்கனியிலிருந்து சொன்னேன்.

"தின்பண்டத்துக்கு வர்றவன் சிப்பாயி இல்ல டீச்சரம்மா, பிச்சக்காரன். ஒரு ஷாபாஷ் போதும் அவனுக்கு."

ஒரு ஷாபாஷுக்காக நாய் ஓடி வருமா? மனிதனே வரமாட்டான்.

அதே நேரத்தில் உள்ளே சமையலறையில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. நடத்துகிறவளுக்கே அது தெரியாது. மீனாக்ஷி குக்கரில் அரிசியும் பருப்பும் வைப்பாள். மூன்றாவது விசிலில் இறக்குவாள். இறக்கிய கையோடு, காலைச் சுற்றும் குட்டியைச் சமாதானப்படுத்த ஒரு இட்லித் துண்டோ, முட்டைத் துண்டோ போடுவாள். சோறு பிறகு ஆறி வரும். நம் வீடுகளில் அடுப்பைப் பார்த்தா சமைக்கிறோம், காதால் எண்ணித்தானே சமைக்கிறோம்? அதைப் பார்த்துக் குட்டியும் எண்ணப் பழகிவிட்டது. முதல் விசிலுக்குக் காது நிமிரும். இரண்டாவதற்கு எழுந்து நிற்கும். மூன்றாவதற்கு வந்து உட்காரும், உஸ்தாத் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட மாதிரி, முதுகு நேராக, கண் எதிரே, அசையாமல்.

மீனாக்ஷியின் குக்கர் என்று அது பிரித்துப் பார்த்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அதற்கு எல்லாக் குக்கரும் ஒன்றுதான். எங்கள் பிளாக்கில் பாதி தமிழ்க் குடும்பம். காலை எட்டு மணிக்குள் பிளாக்கே ரயில்வே யார்டு மாதிரி இருக்கும். ஒருநாள் நான் பருப்பை இறக்கிவிட்டுத் திரும்பினால், திறந்திருந்த வாசலில் சிப்பாய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு நாய் என்றாலே ஆகாது. அன்றைக்கு என்னவோ தோசையில் ஒரு ஓரம் கிள்ளிப் போட்டேன். மரியாதையாகத் தின்றுவிட்டு, அடுத்த வீட்டு மூன்றாவது விசிலுக்குக் கிளம்பிப் போனது.

கீழே புல்தரையில் அழகர்சாமி கன்னம் வீங்க ஊதிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் மேலே வந்தார்.

"டீச்சரம்மா, நம்ம ஆளு இங்கிட்டு வந்தானா?"

"வந்தான். சாவ்தானில் நின்று தோசை வாங்கிக்கொண்டு போனான்" என்றேன். வந்த வழியே இறங்கிப் போனார். முட்டி மடக்கும் பாடத்துக்கு நான் வைத்திருந்த பாக்கி அன்றோடு தீர்ந்தது.

இதெல்லாம் தமிழ் வீடுகளோடு நின்றிருந்தால் தோசை ஓரத்தோடு போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பல்லா வீட்டில் ராஜ்மா. ராஜ்மாப் பயறு மூன்று விசிலில் வேகுமா? அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகும். சிப்பாய் மூன்றாவது விசிலுக்குக் கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்தது. கதவு திறக்கவில்லை. நான்காவது விசில் அடித்தது. சிப்பாய் திடுக்கிட்டது. நான்காவது என்று ஒன்று அதன் சட்டத்திலேயே கிடையாது. கோபமாக ஒரு முறை குரைத்தது. ஐந்தாவது விசிலுக்கு இன்னொரு முறை. ராஜ்மா வேகும் வரைக்கும் விசிலுக்கு ஒரு குரைப்பு. வரிசை மீறினால் பொறுக்காத இந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா ஞாயிறும் இது நடந்தது. கடைசியில் பல்லா கீழ்வீட்டு வாசலில் வந்து நின்றார். அவரும் அழகர்சாமியும் பேசிக்கொள்வது ஹிந்தியில். நான் தமிழில் சொல்கிறேன்.

"சாமிஜி, என் வீட்டில் என் ராஜ்மாவுக்கு நான் எத்தனை விசில் வைத்தால் உங்கள் நாய்க்கு என்ன?"

நியாயமான கேள்வி. பல்லா தொடர்ந்தார். பிப்ரவரியில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். சொசைட்டிப் பூங்காவில்தான் பந்தல். சம்பந்திகள் முன்னால் நாய் குரைத்து மானத்தை வாங்கினால் சரிப்படாது. நொய்டாவுக்கு அப்பால் தெரிந்தவர் ஒருவருக்குப் பண்ணை இருக்கிறது. நாயை அங்கே விட்டுவிடலாம், நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

அழகர்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பல்லா சாப், ஒரு சான்ஸ் கொடுங்க. கல்யாணத்தன்னைக்கு என் சிப்பாயி கேட்டுல உக்காந்து உங்க சம்பந்திக்கு மரியாதை பண்ணுவான். ஒரு தடவ கொரைச்சான்னா மறுநாளே நானே பண்ணையில கொண்டுபோய் விட்டுர்றேன்."

பல்லா யோசித்தார். "ஒரு தடவை குரைத்தாலும்" என்றார். "ஒரு தடவ" என்றார் இவர். கை குலுக்கிக்கொண்டார்கள்.

மீனாக்ஷியை யாரும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் மேலே வந்து என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்: "அது போயிருச்சுன்னா நான் குக்கரைத் திரும்பவும் மேல ஏத்திருவேன் டீச்சர். அம்புட்டுத்தான் என்னால முடியும்." எனக்கு அழகர்சாமி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வாய்ச்சவடால் விட்டு வீட்டுச் சோற்றைப் பணயம் வைக்கிற மனிதர்களை என்ன செய்வது?

ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரத்தில் புல்தரையில் ஒரு மாறுதல் தெரிந்தது. அவர் ஊதினார், சிப்பாய் திரும்பியாவது பார்த்தது. அவர் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய் வந்தது.

"என்ன சார், பிஸ்கட்டா?" என்றேன் பால்கனியிலிருந்து.

"ரேஷன், டீச்சரம்மா" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

ரேஷன் நன்றாகவே வேலை செய்தது. கூப்பிட்டால் வராவிட்டாலும், உட்கார் என்றால் உட்கார்ந்தது. கல்யாணத்தன்று சாயங்காலம் குளித்து, சீவி, கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு கேட்டருகே உட்கார்ந்தது. பக்கத்தில் அழகர்சாமி, இஸ்திரி போட்ட கோட்டில், பழைய மெடல்களோடு. பஞ்சாபிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அன்று அதிசயமாக இருட்டும்போதே வந்துவிட்டது. பேண்டு வாத்தியம், தலையில் விளக்கு சுமந்த வரிசை, குதிரை மேல் மாப்பிள்ளை, நடுரோட்டில் ஆடும் மாமாக்கள். குதிரை சிப்பாயின் மூக்கருகே தும்மிவிட்டுப் போனது. சிப்பாய் அசையவில்லை. சம்பந்தி ஒருவர் குனிந்து "வாஹ், டிசிப்ளின்" என்று தலையில் தட்டினார். அழகர்சாமியின் கோட்டுப் பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது. மீனாக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எவனோ ஒருவன் கேட்டுக்கு எதிரேயே சரவெடியைப் பற்ற வைத்தான்.

புகை அடங்கியபோது கேட்டருகே ரிப்பன் மட்டும் கிடந்தது. குரைக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். கொடுத்த வாக்கை அது மீறவில்லை. ஆனால் ஆளைக் காணோம். அழகர்சாமி ஊதினார், பேண்டுக்காரர்கள் முன்னால் அந்த விசில் எம்மாத்திரம்? மீனாக்ஷியும் நானும் பட்டுப்புடவையோடு கார்களுக்கடியில் குனிந்து குனிந்து பார்த்தோம். கிடைக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. விடியும் முன்பே பல்லாவின் மகளை வழியனுப்பிவிட்டார்கள். நான் பூங்காவுக்கு வந்தபோது பாதி பிரித்த பந்தலுக்கடியில் பல்லா ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நேற்றைய ஷேர்வானியைக்கூட மாற்றவில்லை. கண் சிவந்திருந்தது. ஊருக்குக் கிளம்பாத உறவினர்களுக்காகச் சமையல்காரர்கள் பெரிய காஸ் அடுப்பில் பூரி பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

அழகர்சாமி மெயின் ரோடு வரைக்கும், அதற்கப்பால் ஆற்றுப்படுகைத் தோட்டங்கள் வரைக்கும் போய்த் தேடிவிட்டு அப்போதுதான் திரும்பினார். அணிவகுப்பு நடை போய்விட்டது. சாதாரணக் கிழவர் மாதிரி வந்து புல்லில் உட்கார்ந்தார். இன்னொரு முறை ஊதிப் பாருங்கள் என்றேன்.

"என் விசிலுக்கு அது என்னைக்கு வந்துச்சு டீச்சரம்மா, இன்னைக்கு வர்றதுக்கு?"

இத்தனை நாள் அவரைக் குத்திக் காட்ட நான் தேடிய வார்த்தைதான் அது. அவர் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை.

மீனாக்ஷி எழுந்தாள். வீட்டுக்குள் போனாள். அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் போட்டு மூடிய குக்கரோடு வந்து, பூரிச் சட்டியைச் சுட்டிக்காட்டி, "பையா, இத ஹட்டாவ், ஜல்தி" என்றாள். அவள் சொன்ன தோரணையில் அந்த ஆள் மறுபேச்சில்லாமல் சட்டியை இறக்கிவிட்டான். அந்த ராட்சச அடுப்பில் குக்கர் ஏறியது.

முதல் விசில் பூங்கா முழுக்கக் கேட்டது. எல்லோரும் கேட்டைப் பார்த்தோம். இரண்டாவது விசில். பல்லாவும் தலையை நிமிர்த்தினார். மூன்றாவது.

யாரும் வரவில்லை. ரோட்டில் ஒரு ஆட்டோ போனது. அவ்வளவுதான்.

"எறக்கிரு மீனாச்சி" என்றார் அழகர்சாமி மெதுவாக. "அடிப்பிடிச்சிரும்."

"எறக்க மாட்டேன்."

நான்காவது விசில் அடித்தது.

எங்கேயோ, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு குரைப்பு கேட்டது. ஒரே ஒரு குரைப்பு. எங்களுக்குப் பிரமையோ என்று தோன்றியது. ஐந்தாவது விசில் அடித்ததும் மறுபடி ஒன்று, கோபமாக.

முதலில் துள்ளி எழுந்தவர் பல்லா. "இவன்தான்! இவன் என் ராஜ்மாவுக்குக் குரைக்கிறவன்!" ஞாயிறுதோறும் கதவுக்கு உள்ளே நின்று அதைத் திட்டிக்கொண்டே கேட்டவர் அவர்தானே. ஷேர்வானிப் பாக்கெட்டில் சாவியைத் துழாவிக்கொண்டே சொசைட்டி ஸ்டோர் ரூமை நோக்கி ஓடினார். நேற்று இரவு சர்பத் பாட்டில் பெட்டிகளை அடுக்கிவிட்டு அதைப் பூட்டியவரும் அவரே. வெடிக்குப் பயந்து உள்ளே புகுந்த நாய் பெட்டிகளுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் கிடந்திருக்கிறது. நாங்கள் கத்திய கத்தலுக்கெல்லாம் அசையாதது, நான்காவது விசிலின் அநியாயத்தைத்தான் பொறுக்கவில்லை.

அழகர்சாமியும் ஓடினார். டிரில்லில் எந்தப் பாடத்திலும் வராத ஓட்டம். கதவு திறந்ததும் சிப்பாய் பல்லாவைத் தாண்டி, கை நீட்டிய உஸ்தாதைத் தாண்டி, நேராக அடுப்புக்கு வந்து குக்கரின் முன்னால் உட்கார்ந்தது. முதுகு நேராக. மீனாக்ஷி அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே மேலூர்ப் பாஷையில் அதைத் திட்டினாள். அவள் அத்தனை வார்த்தைகள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அழகர்சாமி மட்டும் சிரிக்கவில்லை. பல்லாவின் முன்னால் வந்து, குதிகால் சேர்த்து நின்றார்.

"பல்லா சாப், கொரைச்சிருச்சு. பேச்சு பேச்சுதான். இன்னைக்கே பண்ணையில விட்டுர்றேன்."

மீனாக்ஷி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை என் வீட்டுக்காரரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கும்படி ஆகவும் வேண்டாம். எனக்கு அவர் தலையில் அந்தக் குக்கரைக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

பல்லா நாயைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பாக்கெட்டில் போட்டார். "சாமிஜி, பேச்சு கல்யாணத்துக்குத்தான். கல்யாணம் முடிந்துவிட்டது" என்றார். அந்த லாரி ஹாரன் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "வீட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை. ஒரு சத்தம் இல்லை. என் ராஜ்மாவுக்காவது யாராவது குரைக்கட்டும்."

மீனாக்ஷி எழுந்து போய் ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்தாள். குக்கரைத் திறந்து, அடிப்பிடிக்காத மேல்சோற்றில் முதல் கரண்டியைப் பல்லாவுக்குத்தான் போட்டாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். இரண்டாம் கரண்டி ஆறும் வரை சிப்பாய் காத்திருந்தது.

அடுத்த ஞாயிறு நான் காய்கறியோடு படியேறும்போது பல்லா வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. கதவு திறந்தது. கையில் ஒரு ரொட்டியோடு பல்லா நின்றார். சிப்பாய் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது. நான்காவது விசிலுக்கு அது வாயைத் திறக்கும் முன் இன்னொரு துண்டு. ராஜ்மா வேகும் வரை விசிலுக்கு ஒரு துண்டு, ஒரு குரைப்புக்கூட இல்லை. பல்லா நன்றாகப் பழகிவிட்டார்.

படிக்கட்டின் அடியில் அழகர்சாமி நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் விசில் இல்லை.

"துண்டை அப்பிடிப் பிடிக்கக் கூடாது பல்லா சாப்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "முட்டிய மடக்குங்க. கை நேரா இருக்கணும்."